வைரத் தகட்டில் மின்சாரம்: போரான் கலந்த வைர மின்முனையைச் சேமிப்புக்குச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கூட்டரில் இருக்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 60 வாட்-மணி ஆற்றல் அடங்குகிறது. அதே ஆற்றலை வழவழப்பான போரான் கலந்த வைரத் தகடுகள் இரண்டில் சேமிக்க வேண்டுமானால் ஒவ்வொரு தகடும் சுமார் 680 ஏக்கர் இருக்க வேண்டும். வட சென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் ஆரம்பித்துக் காசிமேட்டுக் கடற்கரை வரை வைரத்தைப் பாய் விரித்தது போல விரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கை எட்டாம் படியில் போட்டுக் காட்டுகிறேன்.

“சார், வைரத்தில் பேட்டரி செய்யப் போகிறேன்” என்று திட்டப்பணிக்கு வரும் எம்.எஸ்ஸி. மாணவர்களிடம் முதல் நாளே இந்த எண்ணைச் சொல்லிவிடுவது என் வழக்கம். சிலர் அடுத்த நாள் கிராஃபீனுக்கு மாறிவிடுவார்கள். மற்றவர்களுக்காக எழுதியது இது. வைரத் தகட்டை வாங்கி, சோதித்து, அதிலிருந்து ஒரு சிறிய சேமிப்புக் கலம் செய்து, கிடைக்கும் எண்களை நாணயமாக எழுதுவது வரை ஒவ்வொரு படியாகப் போகலாம். ஒரு பொட்டன்ஷியோஸ்டாட்டும் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி), புகை உறிஞ்சும் பெட்டியும், நல்ல தராசும் உள்ள கல்லூரி ஆய்வகம் போதும். வீட்டு மொட்டை மாடியில் செய்யத் தக்க வேலை இல்லை இது.

தொடங்கும் முன்: வைரம் ஏன் கடத்துகிறது?

தூய வைரம் மின்கடத்தாப் பொருள். அதில் எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி சுமார் 5.5 எலெக்ட்ரான் வோல்ட். கார்பன் அணு ஒன்றின் இடத்தில் போரான் அமர்ந்தால் ஓர் எலெக்ட்ரான் குறைகிறது, அங்கே ஒரு துளை உருவாகிறது. போரான் கொஞ்சமாக இருந்தால் வைரம் பி வகைக் குறைகடத்தி. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3×10²⁰ போரான் அணுக்களைத் தாண்டும்போது உலோகம் போலக் கடத்தத் தொடங்குகிறது. அதாவது சுமார் 600 கார்பன் அணுக்களுக்கு ஒரு போரான். இன்னும் கூட்டிக்கொண்டே போனால், சில கெல்வின் குளிரில் மீக்கடத்தியாகவே மாறிவிடும் என்று 2004இல் கண்டார்கள்.

இயற்கையும் இந்த வேலையைச் செய்திருக்கிறது. கோல்கொண்டா பகுதியின் கொல்லூர் சுரங்கத்திலிருந்து போன ஹோப் வைரத்தின் நீலம் போரானால் வந்தது. ஆனால் அதில் சராசரியாகப் பத்து லட்சம் அணுக்களுக்கு ஒரு போரான் கூடத் தேறாது; மின்முனையாக அது உதவாது. கோல்கொண்டா வைரங்களுக்கு நம் சென்னையும் ஒரு வாசல்தான். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட் 1702இல் வாங்கிய 410 காரட் பட்டை தீட்டாத வைரம், பட்டை தீட்டப்பட்டு இன்று பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. என் மாணவர்களுக்கு நினைவில் நிற்பது இந்தக் கதைதான், 3×10²⁰ இல்லை. பரவாயில்லை.

வைர மின்முனையின் மின்வேதியியல் 1987இல் பிளெஸ்கோவ் குழுவோடு தொடங்கியது. இன்று இதன் பெரிய பயன் கழிவுநீர் சுத்திகரிப்பிலும் நுண்ணளவு வேதிப் பகுப்பாய்விலும். இரண்டுக்கும் காரணமான குணங்கள் இரண்டு. ஒன்று, தண்ணீர் எளிதில் சிதையாத அகன்ற மின்னழுத்தச் சாளரம். மற்றொன்று, மிகக் குறைந்த பின்னணி மின்னோட்டம் (வினை எதுவும் நடக்காதபோதும் ஓடும் மின்னோட்டம்). முதல் குணம் சேமிப்புக்கு வரம், இரண்டாவது சாபம். பின்னணி மின்னோட்டம் குறைவு என்றால் மின்தேக்குத்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்பது, குறைவு என்றுதான் பொருள். இந்த வழிகாட்டி முழுக்க இந்த இரண்டு குணங்களுக்கும் நடுவில் நடக்கும் பேரம்தான்.

முதல் படி: தகடு வாங்குங்கள், வளர்க்க முயலாதீர்கள்

வைரப் படலத்தை வேதி ஆவிப் படிவு முறையில் வளர்க்கிறார்கள். ஹைட்ரஜனில் ஒரு விழுக்காடு போல மீத்தேன், அதோடு துளி அளவு போரான் சேர்மம். 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான டங்ஸ்டன் அல்லது டேன்டலம் இழை ஹைட்ரஜனைப் பிளக்கிறது. 700 முதல் 900 டிகிரியில் இருக்கும் தளத்தில் வைரம் படிகிறது. மணிக்கு ஒரு மைக்ரோமீட்டர் வந்தாலே நல்ல வேகம். போரானுக்குப் பலர் பயன்படுத்தும் டைபோரேன் கடும் நச்சு, காற்றில் தானே தீப்பற்றக் கூடியது. ஹைட்ரஜன், டைபோரேன், வெண்சூட்டில் இழை, இவை மூன்றும் ஓர் எம்.எஸ்ஸி. ஆய்வகத்தில் ஒன்றாக இருக்கக் கூடாது. வளர்த்தே தீர வேண்டும் என்றால் அதற்கென்று வசதி உள்ள இடத்தில் நாள் கேட்டு வாங்குங்கள். 2023 நிதிநிலை அறிக்கையை ஒட்டி, ஆய்வக வைரத்துக்காக ஐஐடி மெட்ராஸுக்கு ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கிண்டி நமக்கு ஒரு பஸ் தூரம்தான்.

வாங்கும்போது தளம் எது என்று கேளுங்கள். சிலிக்கான் தளம் மலிவு, படலம் நன்றாக ஒட்டும், ஆனால் கீழே விழுந்தால் அப்பளம். நியோபியம் தளம் விலை கூட, ஆனால் கிளிப் மாட்டலாம், துளை போடலாம், கைதவறி விழுந்தாலும் கண்ணீர் வராது. முதல் தடவை செய்கிறவர்களுக்கு நியோபியத்தையே சொல்வேன். விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: படலத்தின் தடிமன், போரான் அளவு, ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துப் பொருளை அடையாளம் காட்டும் வரைபடம்). “ஹை குவாலிட்டி” என்று மட்டும் பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

இரண்டாம் படி: வந்தது வைரம்தானா?

மூன்று சோதனைகள். முதலிரண்டுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

மல்டிமீட்டரின் இரு முனைகளைப் படலத்தின் மேல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டினால் சரி. கிலோ ஓம் காட்டினால் போரான் குறைவு. அப்படிப்பட்ட தகட்டில் நீங்கள் அளக்கப்போவது கரைசல் பக்கத்து இரட்டை மின்னடுக்கை (மின்முனையும் கரைசலும் சந்திக்கும் இடத்தில் எதிரெதிர் மின்னூட்டங்கள் அணிவகுத்து நிற்கும் இடம்) இல்லை, வைரத்துக்குள்ளேயே துளைகள் வற்றி உருவாகும் வெற்று அடுக்கை. (உலோகத் தளம் கீழே இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். படலத்தின் வழியாகக் கீழே இறங்கி உலோகத்தில் ஓடி மறுபடி மேலே வந்துவிடும்.)

அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர். புதிதாக வளர்ந்த வைரத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் இருக்கும். தண்ணீர் தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நிற்கும். ஆக்சிஜன் ஏறிய மேற்பரப்பில் பரவிவிடும். கைப்பேசியைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். பின்னால் மின்னோட்டம் மாறும்போது ஏன் என்று தேட இந்தப் படம்தான் கைகொடுக்கும்.

மூன்றாவது ராமன் நிறமாலை. வைரத்தின் கோடு 1332 செ.மீ⁻¹ அலையெண்ணில் வரும். போரான் மிகுந்த படலத்தில் அந்தக் கோடு கொஞ்சம் கீழிறங்கிச் சாய்ந்து தெரியும், 500க்கும் 1220க்கும் அருகில் அகன்ற மேடுகள் எழும். இவை நல்ல அறிகுறி. 1550ஐ ஒட்டிப் பெரிய மேடு இருந்தால் அது கிராஃபைட் வகைக் கார்பன். மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமனுக்கே வைரத்தின் மேல் தனிப் பித்து இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் நகர முடிவதில்லை.

கிராஃபைட் மேட்டை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், கிராஃபைட் கலந்த “வைரம்” அதிக மின்தேக்குத்திறன் காட்டும். மாணவர் மகிழ்ந்துபோய் ஓடி வருவார். ஆனால் அகன்ற சாளரம் போயிருக்கும், சில நூறு சுழற்சிகளில் கிராஃபைட் அரித்துக் கொட்டும். எண் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தால் முதலில் கிராஃபைட்டைச் சந்தேகியுங்கள்.

மூன்றாம் படி: கலமும் இணைப்பும்

திட்டப்பணிகள் நாசமாவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாக.

தகட்டைக் கரைசலில் முக்கித் தொங்கவிடாதீர்கள். விளிம்பில் தளம் வெளியே தெரியும், பின்பக்கமும் நனையும், பிறகு நீங்கள் அளப்பது நியோபியத்தையா வைரத்தையா என்று கடவுளுக்கும் தெரியாது. ஒரு டெஃப்ளான் உருளையை வாங்கி, வியாசர்பாடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து நடுவில் துளையிடச் சொல்லுங்கள். அடியில் 8 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஓ-ரிங், அதற்குக் கீழே தகடு, அதற்குக் கீழே செம்புத் தகடு, நான்கு திருகுகள். கரைசல் மேலிருந்து நிரம்பும்; அது தொடும் பரப்பு சரியாக 0.5 சதுர சென்டிமீட்டர். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிலிக்கான் தளமாக இருந்தால் ஒரே பக்கம் இறுக்கிய மறு நொடி “டிக்” என்று ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலியை நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

சிலிக்கானின் பின்பக்கம் எப்போதும் மெல்லிய ஆக்சைடு இருக்கும். வைர முனைப் பேனாவால் லேசாகக் கீறி, காலியம்-இண்டியம் கலவையையோ வெள்ளிப் பசையையோ தடவிய பிறகே செம்பில் வையுங்கள். இதை விட்டுவிட்டால் தொடர் மின்தடை ஏறி, எட்டாம் படியில் சதுரமாக வரவேண்டிய வரைபடம் எலுமிச்சம்பழம் போல வரும்.

வட சென்னைக்கென்றே ஒரு தொல்லை உண்டு: உப்புக் காற்று. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஆய்வகத்தில் முதலை கிளிப்புகள் மூன்று மாதத்தில் பச்சை பிடித்துவிடும். எட்டாம் படியில் நாம் அளக்கப்போவது ஒரு மைக்ரோ ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம். பச்சை பிடித்த கிளிப் அதைத் தின்றுவிடும். தங்க முலாம் பூசிய கிளிப் வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் உப்புத்தாளால் தேயுங்கள். இன்னொன்று அதிர்வு. எங்கள் ஆய்வகம் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டியது. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் வரைபடத்தில் ஒரு பல் விழும். இரவு முழுக்க லாரி ஓடும் சாலையில் விடியற்காலைக்குக் காத்திருந்தும் பயனில்லை. கனமான கடப்பைக்கல் ஒன்றை ரப்பர் பாயின் மேல் வைத்து, அதன் மேல் கலத்தை வைத்து, சுற்றிலும் தகரப் பெட்டியை மூடி, பெட்டியை நில இணைப்பில் சேர்த்தோம். பல் போய்விட்டது.

துணை மின்முனைக்குப் பிளாட்டினக் கம்பி. குறிப்பு மின்முனைக்கு (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் நிலையான முனை) வெள்ளி-வெள்ளி குளோரைடு போதும், ஆனால் அதிலிருந்து குளோரைடு கசியும். இரட்டைச் சந்தி உள்ளதாகவோ, பாதரச சல்ஃபேட் வகையாகவோ கிடைத்தால் நல்லது.

நான்காம் படி: மின்பகுளி

கலத்தை நிரப்பும், அயனிகளால் மின்சாரம் கடத்தும் கரைசல் இது. 1 மோலார் சோடியம் சல்ஃபேட். 100 மில்லிலிட்டருக்கு நீரற்ற உப்பு 14.2 கிராம். நயினியப்ப நாயக்கன் தெருவில் ஆய்வகத் தரத்தில் கிடைக்கும். மூட்டையில் வரும் தொழில்தரச் சரக்கு வேண்டாம். தண்ணீர் இருமுறை காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரை நம்ப வேண்டாம். கேன் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் ஒருமுறை கடல்நீரையே மின்பகுளியாக வைத்தால் என்ன என்று கேட்டார். நல்ல கேள்வி. வைரம் கடல்நீரில் நேர்முனையாக நின்றால் குளோரின் வரும், சேமிப்பு வராது. கிருமி நீக்கத்துக்கு அதே வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

ஐந்தாம் படி: மேற்பரப்பைத் தயார் செய்தல்

0.5 மோலார் கந்தக அமிலம் தயாரியுங்கள்: 97 மில்லிலிட்டர் தண்ணீரில் அடர் அமிலம் 2.8 மில்லிலிட்டர், சொட்டுச் சொட்டாக. தண்ணீரில் அமிலம், மாற்றி ஊற்றாதீர்கள். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர், அதாவது நம் கலத்தில் 5 மில்லி ஆம்பியர், நேர் திசையில் பத்து நிமிடம். கரிம அழுக்கெல்லாம் எரிந்து போகும், மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறும். ஹைட்ரஜன் மேற்பரப்பு வேண்டுமென்றால் அதன்பின் எதிர்த் திசையில் அதே அளவு இருபது நிமிடம். ஹைட்ரஜன் வெளியேறும், அதனால் புகைப்பெட்டிக்குள் மட்டும். எந்த மேற்பரப்போடு தொடங்குகிறீர்கள் என்பதை முடிவு செய்து, கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஐந்து முறை தண்ணீரில் அலசுங்கள். அடுத்த படியில் ஃபெர்ரோசயனைடு (ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்து ஃபெர்ரிசயனைடாகவும், வாங்கிப் பழையபடியும் மாறும் இரும்புச் சேர்மம்) வருகிறது. அது நடுநிலைக் கரைசலில் சாது. அடர் அமிலத்தோடு சேர்ந்தாலோ அமிலத்தில் சூடானாலோ ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும். அமிலக் கழிவுக்கும் சயனைடு கழிவுக்கும் தனித்தனி டப்பா, தனித்தனி நிற மூடி. தொட்டியில் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் வேறு திட்டப்பணி எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: எலெக்ட்ரான் தடையின்றிப் போகிறதா?

1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 1 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. சுழற்சி வோல்ட்டமெட்ரி (மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கி, ஓடும் மின்னோட்டத்தை வரைவது), நொடிக்கு 50 மில்லி வோல்ட். இரண்டு முகடுகளுக்கும் இடையே கொள்கைப்படி 59 மில்லி வோல்ட். நல்ல வைரத்தில் 70 முதல் 90 வரும். 200ஐத் தாண்டினால் மேற்பரப்பு ஆக்சிஜனேறியிருக்கலாம், பின் இணைப்பு கெட்டிருக்கலாம், போரான் குறைவாக இருக்கலாம். இணைப்பை முதலில் பாருங்கள். பத்தில் ஆறு முறை அதுதான் என்பது என் கை அனுபவம்.

ஏழாம் படி: சாளரத்தைக் கண்டுபிடித்தல்

இப்போது சோடியம் சல்ஃபேட். வைரத்தின் பெருமையெல்லாம் இங்கே. தண்ணீர் வெப்ப இயக்கவியல்படி 1.23 வோல்ட்டில் சிதைய வேண்டும். பிளாட்டினத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் போகலாம். வைரத்தில் 3 வோல்ட்டைத் தாண்டியும் போகிறது. காரணம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உருவாகும்போது இடைப் பொருள்கள் மேற்பரப்பில் ஒட்டி நிற்க வேண்டும். வைரம் அவற்றை ஒட்டவிடுவதில்லை.

ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் 3.5 வோல்ட்டை அப்படியே உங்கள் கலத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அந்த எண் வோல்ட்டமெட்ரி வரைபடத்தில் மின்னோட்டம் “கண்ணுக்கு” உயரத் தொடங்கும் இடம். எவ்வளவு மின்னோட்டத்தை எல்லையாக வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அது அரை வோல்ட் கூட இறங்கும். இன்னொரு திருட்டும் நடக்கிறது. உயர் மின்னழுத்தத்தில் வைரத்தின் மேல் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பிறக்கின்றன, சல்ஃபேட்டே பெர்சல்ஃபேட்டாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. குமிழி எதுவும் தெரியாது. நீங்கள் சேமித்ததாக நினைத்த மின்னூட்டம் கரைசலில் கரைந்து போயிருக்கும். பெர்சல்ஃபேட் தயாரிக்கவே வைர மின்முனை பயன்படுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நடுவில் ஒரு வோல்ட் அகலத்தில் தொடங்குங்கள். நேர்ப்பக்கம் 0.1 வோல்ட் கூட்டுங்கள், ஐந்து சுழற்சி ஓட்டுங்கள், போன மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பரப்பை அளவெடுங்கள். 98 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் ஒரு படி பின்வாங்குங்கள். அதுதான் நேர் எல்லை. எதிர்ப்பக்கமும் அப்படியே, ஆனால் கரைசலில் கரைந்த ஆக்சிஜன் அங்கே ஒடுக்கமடைந்து கணக்கைக் கெடுக்கும், எனவே முதலில் இருபது நிமிடம் நைட்ரஜன் விடுங்கள். கடைசியில் கிடைக்கும் அகலம் கட்டுரைகளில் உள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, சேமிப்புக்கு உதவும் எண் அதுதான்.

எட்டாம் படி: மின்தேக்குத்திறன், 680 ஏக்கர் கணக்கு

சாளரத்தின் நடுவில், எந்த வினையும் நடக்காத 0.4 வோல்ட் அகலத்தில் நொடிக்கு 20, 50, 100, 200, 500 மில்லி வோல்ட் வேகங்களில் ஓட்டுங்கள். நடுப்புள்ளியில் மேல் மின்னோட்டத்துக்கும் கீழ் மின்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்து, வேகத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோட்டின் சாய்வே மின்தேக்குத்திறன். 100 மில்லி வோல்ட் வேகத்தில் பாதி வித்தியாசம் 0.25 மைக்ரோ ஆம்பியர் வந்தால் 2.5 மைக்ரோஃபாரட், அரை சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 5. வழவழப்பான வைரத்துக்கு 3 முதல் 10 வரை இயல்பு.

இனி கணக்கு. இரண்டு தகடுகள் தொடரில் சேரும்போது 5 பாதியாகி 2.5 மைக்ரோஃபாரட். 2.5 வோல்ட்டுக்கு ஏற்றினால் ஆற்றல் ½ × 2.5 × 6.25, அதாவது 7.8 மைக்ரோஜூல். ஸ்கூட்டர் பேட்டரியின் 60 வாட்-மணி என்பது 2,16,000 ஜூல். வகுத்தால் 2.8 சதுர கிலோமீட்டர் வருகிறது.

அதே கணக்கில் ஒளிந்திருக்கும் நல்ல செய்தியையும் பாருங்கள். 1 வோல்ட்டில் நின்றிருந்தால் 1.25 மைக்ரோஜூல்தான். மின்னழுத்தம் தன் வர்க்கத்தின் அளவில் பலன் தருவதால், 2.5 வோல்ட் ஆறேகால் மடங்கு கூட்டிக் கொடுக்கிறது. வைரத்தின் வரம் மெய்யான வரம். அதற்குப் பரப்பு வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் படி: இரண்டு வழிகள்

முதல் வழி பரப்பைக் கூட்டுவது. தேன்கூடு போல நுண்துளை போட்ட வைரம், சிலிக்கான் நுண்கம்பிகள் மேல் படிந்த வைரம், கார்பன் நார்களின் மேல் பூசிய வைரம் என்று 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பலர் செய்து வருகிறார்கள். மைக்ரோஃபாரட் மில்லிஃபாரடாகிறது. இதில் ஆய்வக மாணவர் செய்யக்கூடியது குறைவு. அப்படிப்பட்ட தகட்டை வாங்கவோ இரவல் பெறவோ வேண்டும். ஆழமான துளைக்குள் வைரம் ஒழுங்காக வளராது, அடியில் கிராஃபைட் வகைக் கார்பன் தங்கிவிடும். இரண்டாம் படிச் சோதனையை இங்கே மறுபடி செய்யுங்கள்.

இரண்டாவது வழியே நம் கைக்கு எட்டியது: மின்பகுளிக்குள்ளேயே மின்னூட்டத்தை வைப்பது. 1 மோலார் சோடியம் சல்ஃபேட்டில் ஃபெர்ரிசயனைடும் ஃபெர்ரோசயனைடும் தலா 0.05 மோலார். 100 மில்லிலிட்டருக்கு முதலாவது 1.65 கிராம், இரண்டாவது மூன்று நீர் உள்ள படிகமாக 2.11 கிராம். பழுப்புக் குப்பியில் வையுங்கள், வெளிச்சத்தில் சிதையும்.

வித்தியாசத்தைப் பாருங்கள். 0.05 மோலார் கரைசல் ஒரு மில்லிலிட்டரில் 4.8 கூலும் (மின்னூட்டத்தின் அலகு) இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் தட்டை வைரத்தின் இரட்டை அடுக்கில் 2.5 வோல்ட்டுக்கு 12.5 மைக்ரோகூலும். முழு மில்லிலிட்டரும் தகட்டைத் தொடாது என்பது வேறு விஷயம். பத்து நொடியில் அயனிகள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தூரம்தான் பரவி வர முடியும். அந்த மெல்லிய அடுக்கில் மட்டும் 48 மில்லிகூலும். அதுவே கிட்டத்தட்ட நாலாயிரம் மடங்கு.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. இரண்டு பக்கமும் இதே கரைசலை ஊற்றினால் மின்னூட்டம் ஏறும், இறங்கும், வரைபடம் அழகாக இருக்கும். ஆனால் இரு பக்கமும் ஒரே ஜோடி என்பதால் அந்த மின்னூட்டம் பூஜ்ய வோல்ட்டை ஒட்டியே திரும்பி வரும். கூலும் நிறைய, ஜூல் இல்லை. அகன்ற சாளரத்தை வாங்கிவிட்டு அதன் மூலையில் குடியிருப்பது போல. நேர்ப்பக்கம் வைரமும் ஃபெர்ரோ-ஃபெர்ரி ஜோடியும், எதிர்ப்பக்கம் துளைக்கார்பன் அல்லது மின்னழுத்தம் தாழ்ந்த வேறு ஜோடி, நடுவில் நேரயனிச் சவ்வு (நேர் அயனிகளை மட்டும் கடக்க விடுவது) என்று பிரித்தால்தான் மின்னழுத்த வித்தியாசத்துக்கு விலை கிடைக்கும்.

பத்தாம் படி: இரண்டு முனைக் கலம்

ஓ-ரிங், சவ்வு, ஓ-ரிங் என்று இரண்டு டெஃப்ளான் அறைகளை எதிரெதிராக வைத்து இறுக்குங்கள். இரண்டு முனைக் கலமாக இருந்தாலும் ஒரு குறிப்பு மின்முனையை ஓரத்தில் வேடிக்கை பார்க்க வையுங்கள். மொத்தம் 2 வோல்ட் கொடுத்தால் அது இரு பக்கமும் சரிபாதியாகப் பிரியும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிறிய மின்தேக்குத்திறன் உள்ள பக்கம் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு தன் எல்லையைத் தாண்டிவிடும். குறிப்பு மின்முனை இல்லாமல் அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மூடிய கலத்தில் வாயு சேர இடம் கொடுக்காதீர்கள். சிறு துளை வேண்டும்.

நிலையான மின்னோட்டத்தில் ஏற்றி இறக்குங்கள். வரைபடம் முக்கோணமாக இருந்தால் ஃபாரடில் எழுதலாம். சமதளம் ஒன்று தெரிந்தால் அது பேட்டரிக் குணம். ஃபாரடில் எழுதினால் தவறு. இறக்கத்தின் போது மின்னழுத்தத்தை நேரத்தோடு தொகையிட்டு ஆற்றலை நேரடியாக எழுதுங்கள்.

கிராமுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். 5 மைக்ரோமீட்டர் வைரப் படலத்தின் எடை சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1.8 மில்லிகிராம். அடியில் அரை மில்லிமீட்டர் சிலிக்கான் 116 மில்லிகிராம். படலத்தை மட்டும் எடைபோட்டு எண்ணை அறுபது மடங்கு ஊதிப் பெருக்குவது எளிது, அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு எழுதுங்கள், தளத்தின் தடிமனையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு மாற்றாக வைரம் வந்துவிடாது. நொடிக்குள் ஏறி இறங்க வேண்டிய நுண்கருவிகள், சாதாரணக் கார்பனை அரித்துவிடும் கடுமையான கரைசல்கள், மாற்ற முடியாத இடத்தில் பல்லாயிரம் சுழற்சி ஓட வேண்டிய கலங்கள் ஆகியவற்றில் இதன் விலைக்கு நியாயம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பதினொன்றாம் படி: கசிவும் ஆயுளும்

முழுதாக ஏற்றி, அரை மணி நேரம் அதே மின்னழுத்தத்தில் பிடித்து, இணைப்பைத் துண்டித்து, பன்னிரண்டு மணி நேரம் மின்னழுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். சவ்வில்லாத ஃபெர்ரோ-ஃபெர்ரிக் கலம் விடிவதற்குள் பெரும்பாலும் காலியாகியிருக்கும்: ஒரு பக்கம் ஆக்சிஜனேறியது மறுபக்கம் நீந்திப் போய் ஒடுங்கிவிடும். சவ்வு வைத்தால் எவ்வளவு தாங்குகிறது என்பதே உங்கள் திட்டப்பணியின் மெய்யான முடிவு. கணினிக்கும் பொட்டன்ஷியோஸ்டாட்டுக்கும் யு.பி.எஸ். கட்டாயம். அதிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் ஒரு நொடி போய் வந்ததில் பத்தாயிரம் சுழற்சிச் சோதனை ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றுபோன கதை எங்களிடம் உண்டு.

ஆயுள் சோதனை முடிந்ததும் ஆறாம் படியையும் எட்டாம் படியையும் மறுபடி செய்து பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். கலத்தின் திறன் குறைந்து, வைரத்தின் எண்கள் மாறாமல் இருந்தால் கெட்டது கரைசலோ சவ்வோ. இரண்டும் குறைந்திருந்தால் ஒரு சாதாரண நுண்ணோக்கியில் தகட்டின் விளிம்பைப் பாருங்கள். படலம் உரியத் தொடங்கியிருக்கும்.

தகட்டை நிறையத் தண்ணீரில் அலசி, நீல நிறக் கறை தெரிந்தால் (பிரஷ்யன் நீலம் படிந்திருக்கும்) ஒரு துளி நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் துடைத்து, மறுபடி அலசி, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பெட்டியின் மேல் தளம், தடிமன், கடைசி மேற்பரப்பு, கடைசி ஃபெர்ரோசயனைடு முகட்டு இடைவெளி ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு வருகிற மாணவருக்கு அந்தச் சீட்டு வேண்டியிருக்கும். அவர் சேமிப்பை விட்டுவிட்டுக் கழிவுநீர்ப் பக்கம் போவதாக இருந்தாலும் அதே தகடுதான்.